ஆணிவேர் குறித்த ஒரு வழக்கு: பிளாக் மவுண்டன் கல்லூரியின் மண்கலப் பட்டறை

1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைச்சாரலில் அமைந்திருந்த ஒரு சிறு கல்லூரியில் நால்வர் ஒன்றுகூடினர். இருவர் ஜப்பானியர். ஒருவர் ஆங்கிலேயர். நான்காமவர், நாஜிகளின் ஆட்சியில் வேலையையும் நாட்டையும் இழந்து அமெரிக்கா வந்து சேர்ந்த யூதப் பெண்மணி. இந்நால்வரில் மூவர் குயவர். எஞ்சிய ஒருவர் கைவினையின் அழகு குறித்து வாழ்நாளெல்லாம் சிந்தித்த அறிஞர். மாணவர்களும் ஆசிரியர்களும் சூழ்ந்திருக்க, சக்கரம் சுழன்றது, பேச்சும் நடந்தது. அந்தப் பேச்சின் அடியில் ஓடிய கேள்வி ஒன்றே: தலைமுறை தலைமுறையாக வந்த மரபின் வேர் இல்லாத ஒருவன், கல்லூரியில் சேர்ந்து பாடம் கேட்டு, மெய்யான குயவனாக முடியுமா?

இக்கேள்வியில் 'குயவன்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'கவிஞன்' என்று இட்டால், அது நம் வட்டத்துக் கூட்டங்களில் கடந்த பத்தாண்டுகளில் பலமுறை கேட்ட கேள்வியாகிவிடும். புதுக்கவிதை வேரற்றது என்று 1960-களில் நம்மிடையே எழுந்த வாதமும் இதன் உடன்பிறப்பே. ஆகவே மண்ணையும் சூளையையும் பற்றிய இவ்வரலாறு இம்மலரில் இடம்பெறுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

குயத்தொழில் கல்லூரிக்குள் நுழைந்தது கலையின் வாயில் வழியாக அன்று. செங்கல்லும் ஓடும் கழிவுநீர்க் குழாயும் செய்த ஆலைகளின் வாயில் வழியாக. 1894-இல் எட்வர்ட் ஆர்ட்டன் என்பவரின் முயற்சியால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்பொருள் தொழில்நுட்பத் துறை தொடங்கப்பட்டது. 1900-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்ஃப்ரெட் என்னும் சிற்றூரில் மாநில அரசின் மண்கலப் பள்ளி எழுந்தது. அதன் முதல் இயக்குநரான சார்லஸ் பின்ஸ், இங்கிலாந்தின் புகழ்பெற்ற வொர்ஸ்டர் பீங்கான் ஆலையை நடத்தியவரின் மகன். ஆலையில் வளர்ந்தவர், ஆலையின் இரகசியங்களை அறிந்தவர். அந்த இரகசியங்களைக் கரும்பலகையில் எழுதி எல்லாருக்கும் பொதுவாக்கியதே அவர் செய்த பெரும்பணி. குலத்துக்குள்ளும் ஆலைச் சுவருக்குள்ளும் பூட்டிக் கிடந்த அறிவு, கட்டணம் செலுத்திச் சேரும் எவர்க்கும் உரியதாயிற்று.

அங்கே கற்பிக்கப்பட்டது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சக்கரத்தில் பானை வனைவது கல்லூரிப் படிப்பின் தொடக்கம் மட்டுமே. உயர்நிலைப் படிப்பு என்பது பெரும்பாலும் தீயையும் கண்ணாடியையும் பற்றியது. ஸ்டோன்வேர் எனப்படும் கல்லொத்த கலங்கள் ஏறத்தாழ 1,280 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகின்றன. அவற்றின்மேல் உருகிப் படியும் கிளேஸ் என்னும் பூச்சு, உண்மையில் கலத்தோடு ஒட்டிய கண்ணாடியே. சிலிக்கா அதன் உடல். அலுமினா அது வழிந்தோடாமல் தாங்கும் எலும்பு. சுண்ணாம்பும் சோடியமும் பொட்டாசியமும் அதை உருகச் செய்யும் துணைப்பொருள்கள். இம்மூன்று பிரிவுகளின் விகிதத்தைக் கணக்காக எழுதும் முறையைத் தந்தவர் பெர்லினில் ஆய்வு செய்த ஹெர்மன் சேகர். ஃபெல்ஸ்பார், சுண்ணாம்புக்கல், படிகக்கல் பொடி, வெண்களி ஆகியவற்றை எந்த அளவில் கலந்தால் என்ன கிடைக்கும் என்பதை, சூளையில் வைப்பதற்கு முன்பே தாளில் கணக்கிட மாணவர் கற்றனர். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இதில் வியப்பிராது. சீரும் தளையும் எண்ணப்படுவது போல, இங்கே மூலக்கூறுகள் எண்ணப்பட்டன.

சேகர் தந்த மற்றொரு கொடை, அவர் பெயராலேயே வழங்கும் சுடுகூம்பு. சுண்டுவிரல் அளவான சிறு மண் கூம்புகளைச் சூளையில் கலங்களோடு வைப்பார்கள். குறிப்பிட்ட நிலை வந்ததும் கூம்பு தலை சாயும். வெப்பமானி அந்தக் கணத்தின் வெப்பத்தை மட்டும் சொல்லும். கூம்போ, வெப்பமும் காலமும் சேர்ந்து மண்ணின்மேல் செய்த வேலையைச் சொல்லும். எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட பின்னும் குயவர்கள் சூளையின் சிறு துளை வழியாக அந்தத் தலைசாய்வைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தீயின் குணமும் பாடமாயிற்று. சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் ஆக்ஸிஜனேற்றம். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் ஆக்ஸிஜன் ஒடுக்கம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு கலந்த அதே பூச்சு முதல்வகைத் தீயில் தேன்மஞ்சளாகவும், இரண்டாம் வகைத் தீயில் சீனத்துச் செலடான் கலங்களின் கடற்பச்சையாகவும் வரும். செம்பு, காற்றுள்ள தீயில் பச்சை. காற்றில்லாத் தீயில் குருதிச் சிவப்பு. குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென விரியும். குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்நேரம் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தவனுக்குக் கிடைப்பது ஓடுகளே. ஈர மண் காய்ந்து சுடப்படுவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும் என்பதால், ஆழாக்கு அளவில் ஒரு கிண்ணம் வேண்டுமானால் அதைவிடப் பெரியதாகவே வனைய வேண்டும். இவையெல்லாம் நம் ஊர்க் குயவர் வேறு பெயர்களில், வேறு அளவுகளில், கையாலும் கண்ணாலும் அறிந்தவையே. கல்லூரி செய்தது, அவற்றை எழுத்தாக்கியது.

எழுத்தான அறிவுக்கு ஒரு குறையும் உண்டு. பின்ஸ் தம் ஜாடிகளை மூன்று துண்டுகளாக வனைந்து, கடைசல் இயந்திரத்தில் சீவி, பின்னர் ஒட்டுவார். வடிவம் பிழையற்றது, பூச்சு மாசற்றது. ஆயினும் சுழலும் மண்ணைக் கை ஒரே மூச்சில் உயர்த்தியதன் தடம் அவற்றில் இல்லை. இலக்கண வழுவற்ற வெண்பாக்கள் சிலவற்றைப் படிக்கையில் நமக்குத் தோன்றும் உணர்வே எனக்கு அவற்றின் படங்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

கையையும் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்க இன்னொரு முயற்சி ஜெர்மனியில் நடந்தது. 1919-இல் வைமார் நகரில் தோன்றிய பௌஹௌஸ் கலைப்பள்ளி, தன் மண்கலப் பட்டறையை 1920-இல் டோர்ன்பர்க் என்னும் ஊரில் அமைத்தது. அங்கே ஒரு பட்டறைக்கு இரண்டு ஆசான்கள். வடிவத்துக்குச் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ். தொழிலுக்குக் குயவர் மாக்ஸ் கிரெஹான். கிரெஹான் பரம்பரைக் குயவர். மாணவர்கள் விறகு வெட்டினர், மண் தோண்டினர், இரவெல்லாம் சூளைக்குத் தீயிட்டனர். ஐந்தாண்டுகளில் அப்பட்டறை முடிந்துவிட்டது. 1925-இல் பௌஹௌஸ் டெஸ்ஸௌ நகருக்கு மாறியபோது மண்கலப் பட்டறை உடன் செல்லவில்லை. இயந்திர யுகத்துக்கு அது வேண்டாததாயிற்று போலும். ஆனால் அங்கிருந்து வெளிவந்த மாணவர்களில் ஒருத்தி, மார்கரெட் ஃப்ரீட்லேண்டர், ஜெர்மனியில் ஆசான் தகுதி பெற்ற முதல் பெண் குயவர்களுள் ஒருவரானார். ஹாலே நகரக் கலைப்பள்ளியில் பட்டறைத் தலைவராகவும் இருந்தார். 1933-இல் யூதர் என்பதால் அவ்விடத்தை இழந்தார். கணவர் ஃபிரான்ஸ் வில்டன்ஹைனுடன் ஹாலந்தில் சில ஆண்டுகள். ஜெர்மானியப் படை அங்கும் வந்த 1940-இல் அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் பாண்ட் ஃபார்ம் என்னும் இடத்தில் தனியே பட்டறை அமைத்து, கோடைதோறும் மாணவர்களுக்குக் கற்பித்து, 1985-இல் மறைந்தார். மார்கரெட் வில்டன்ஹைன் என்பது அவர் பின்னாளில் அறியப்பட்ட பெயர். அவருடைய மாணவர் வனைந்த பானைகள் சூளைக்குப் போவதில்லை. அறுத்துப் பார்க்கப்பட்டு மீண்டும் மண்ணாயின. வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் இராது.

நாம் தொடக்கத்தில் கண்ட கல்லூரிக்கு இப்போது திரும்பலாம். பிளாக் மவுண்டன் கல்லூரி 1933-இல் ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்பவராலும் அவருடைய நண்பர்களாலும் தொடங்கப்பட்டது. ஆசிரியர்களே அதன் உரிமையாளர்கள். மதிப்பெண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. வயலிலும் சமையற்கூடத்திலும் எல்லாரும் வேலை செய்தனர். 1941-இல் ஏடன் ஏரிக்கரைக்குக் குடிபெயர்ந்தபோது, வகுப்பறைக் கட்டடத்தையே மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கட்டினர். மாணவர் எண்ணிக்கை நூறைத் தொட்டதே அரிது. கல்லூரி உயிரோடிருந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் பணமுடை அதன் நிழல்போல் தொடர்ந்தது.

கலைக்கல்வியே நடுநாயகம் என்று கருதிய அக்கல்லூரியில், முதல் பதினாறு ஆண்டுகள் மண்கலப் பட்டறை இல்லை என்பது வியப்பளிக்கும். கலையாசிரியராக இருந்தவர் பௌஹௌஸிலிருந்து வந்த யோசஃப் ஆல்பெர்ஸ். அவர் மனைவி ஆன்னி நெசவு கற்பித்தார். நூல் தறியின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. மண்ணோ தொட்ட கைக்கெல்லாம் இசைந்துவிடும். எதிர்த்து நிற்காத பொருளில் கற்றுக்குட்டிகள் எளிதில் தம்மைக் கலைஞராக எண்ணிவிடுவர் என்பது ஆல்பெர்ஸின் ஐயம் என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். இந்த ஐயத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். எதுகை மோனை தேவையில்லை என்றவுடன் கவிஞராகிவிட்டவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆயினும் மண் இசைவதெல்லாம் முதற்கட்டத்தில்தான். அதன் எதிர்ப்பு பின்னால் வருகிறது. காயும்போது விரிசலாக, சூளையில் வெடிப்பாக, பூச்சில் கொப்புளமாக.

ஆல்பெர்ஸ் 1949-இல் கல்லூரியை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் ராபர்ட் டர்னர் வந்து பட்டறையைத் தொடங்கினார். டர்னர் பொருளியல் படித்தவர். பிறகு ஓவியம் பயின்றவர். குவேக்கர் சமயத்தவராதலால் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு மாற்றான குடிமைப் பணியில் போர்க்காலத்தைக் கழித்தவர். முப்பது வயதைக் கடந்த பின் ஆல்ஃப்ரெடில் மாணவராகச் சேர்ந்து மண்கலம் பயின்றார். கட்டடமும் சூளையும் எழுப்புவதிலேயே அவருடைய முதற்காலம் கழிந்தது. 1951-இல் அவர் சென்றுவிட, 1952-இல் காரன் கார்னஸும் டேவிட் வைன்ரிபும் குடியிருப்புக் குயவர்களாக வந்தனர். கார்னஸ் ஆல்ஃப்ரெடின் மேற்படிப்பை இடையில் விட்டு வந்தவர். படிப்பைவிடப் பானை செய்வதே அவருக்கு வேண்டியிருந்தது.

நாடு முழுவதும் இத்தகைய பட்டறைகள் பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம் என்பதை ஈண்டுச் சுட்ட வேண்டும். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்க 1944-இல் சட்டம் இயற்றப்பட்டது. உழவர் வீட்டு, தொழிலாளர் வீட்டு இளைஞர் பல்லாயிரவர் கல்லூரி சேர்ந்தனர். அவர்களுள் சிலர் தற்செயலாக மண்கல வகுப்பில் கால் வைத்தனர். வெளியே வரவே இல்லை.

அக்டோபர் 1952-க்கு வருவோம். பெர்னார்ட் லீச், ஷோஜி ஹமடா, சோயெத்ஸு யானகி மூவரும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அக்கல்லூரிக்கு வந்தனர். மார்கரெட் வில்டன்ஹைனும் அழைக்கப்பட்டிருந்தார். ஹமடா மிகுதியாகப் பேசவில்லை. சக்கரத்தில் அமர்ந்து வனைந்தார். அதுவே பார்த்தவர்களுக்குப் பாடமாயிற்று. யானகி, பெயரில்லாக் கைவினைஞரின் அழகைப் பற்றிப் பேசுபவர். அன்றாடப் பயனுக்காகப் பெயர் பொறிக்காமல் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு குடிகொள்ளும் என்பது அவர் கொள்கை. லீச்சுக்கு அமெரிக்கர்மேல் ஒரு குறை இருந்தது. இவர்களுக்குப் பல நாடுகளிலிருந்து வந்த பல வேர்கள் உள்ளன. ஆனால் மண்கலக் கலையில் ஆணிவேர் இல்லை என்று 1950-இலேயே அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். சீனத்துச் சுங் காலக் கலங்களையும் கொரியா, ஜப்பான் நாடுகளின் நாட்டுப்புறக் கலங்களையும் அளவுகோலாகக் கொண்டவர் அவர்.

வில்டன்ஹைன் இதை ஏற்கவில்லை. 1953-இல் 'கிராஃப்ட் ஹொரைசன்ஸ்' என்னும் இதழில் லீச்சுக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். அதன் சாரம் இது: அமெரிக்காவுக்கு வேர்கள் உண்டு, அவை பல; ஜப்பானியச் சிற்றூர் வாழ்க்கையையும் சுங் காலக் கலத்தையும் பார்த்து நகல் எடுப்பதால் வேர் முளைக்காது; தன் காலத்துக்கும் தன் மனத்துக்கும் உண்மையாக இருப்பதே குயவனுக்கு வேர். ஒரே வேர், ஒரே மண், ஒரே இரத்தம் என்ற பேச்சு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தம் வாழ்வில் கண்டவர் அவர் என்பதை நினைவிற்கொண்டு அம்மடலின் கடுமையை அளக்க வேண்டும்.

வழக்கில் இரு தரப்பையும் கேட்டாயிற்று. சான்றுகளைச் சற்றுப் பார்ப்போம். ஆணிவேரின் சார்பில் பேசிய லீச், ஹாங்காங்கில் பிறந்தவர். இலண்டனில் ஓவியம் பயின்றவர். ஜப்பானில் ஆறாம் கென்சானிடம் குயத்தொழில் கற்று, 1920-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை அமைத்தவர். ஒரு வேரிலிருந்து மற்றொரு மண்ணுக்குப் பெயர்த்து நடப்பட்ட செடி என்று அவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஹமடாவின் வரலாறு இன்னும் சுவையானது. மரபின் உருவமாகவே போற்றப்பட்ட அவர் குயவர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். டோக்கியோவின் தொழில்நுட்ப உயர்பள்ளியில் மண்கலப் பொறியியல் பயின்று, 1916-இல் படிப்பை முடித்து, கியோட்டோவின் மண்கலச் சோதனை நிலையத்தில் ஆயிரக்கணக்கான பூச்சுகளைச் சோதித்தவர். பிறகே மாஷிகோ என்னும் ஊரைத் தமக்கென்று தேர்ந்து அங்கே குடியேறினார். அந்த மாஷிகோவும் தொன்மையான குயவர் ஊர் அன்று. அங்கே மண்கலத் தொழில் தொடங்கியதே 1850-களில்தான். ஹமடா அங்கே சென்றபோது அதன் ஆணிவேருக்கு வயது எழுபது. 1955-இல் ஜப்பானிய அரசு அவரை நாட்டின் வாழும் செல்வங்களுள் ஒருவராக அறிவித்தது.

ஆக, ஆணிவேரின் சாட்சியாக வந்து அமர்ந்தவரே கல்லூரி மாணவர். இது ஹமடாவுக்கு இழுக்கு என்று நான் கருதவில்லை. சூத்திரங்களைக் கற்ற பின் அவற்றைக் கை மறக்கும் வரை உழைத்தார் என்பதே அவர் பெருமை. பூச்சுக் கணக்கு அறிந்த அவர், ஊரில் கிடைத்த கல்லின் பொடியையும் சாம்பலையும் கொண்டே பெரும்பாலும் வேலை செய்தார். அறியாமல் எளிமையாக இருப்பது வேறு. அறிந்தபின் எளிமைக்குத் திரும்புவது வேறு. லீச் ஆணிவேர் என்று கண்டதில் பாதி, இத்தகைய திரும்புதல்தான் என்பது என் கருத்து. ஆனாலும் வில்டன்ஹைனின் வாதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. அவருக்குக் கிரெஹான் வாய்த்தார். பரம்பரைக் குயவர் ஒருவரின் பக்கத்தில் ஐந்தாண்டு நின்ற கை அவருடையது. வேர் பலவாக இருக்கலாம் என்று சொன்னவர், தாம் பெற்ற ஒன்றின் ஆழத்தை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். இங்கே குயத்தொழில் குலத்தொழில்; வேர் என்பது சில வேளைகளில் தளை. மண்ணைத் தேர்ந்து வருபவனுக்குக் கிடைக்கும் மரியாதை, மண்ணில் பிறந்தவனுக்குக் கிடைப்பதில்லை.

1953-ஆம் ஆண்டுக் கோடையில் அதே பட்டறைக்கு மூவர் கற்பிக்க வந்தனர். ஆல்ஃப்ரெடின் டேனியல் ரோட்ஸ். செயின்ட் ஐவ்ஸில் லீச்சிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய வாரன் மெக்கன்சி. மான்டானா மாநிலத்திலிருந்து பீட்டர் வோல்கஸ். கணக்கு ஒருவர், மரபு ஒருவர் என்று முதல் இருவரைக் கொண்டால், மூன்றாமவரை என்னவென்பது? கிரேக்கக் குடியேறிகளின் மகன்; போரில் விமானப் படையில் பணியாற்றி, அரசின் உதவித்தொகையில் கல்லூரி சேர்ந்தவர். அவருக்கு முதலில் மண்ணைக் காட்டிய ஃபிரான்சஸ் சென்ஸ்கா, வில்டன்ஹைனிடம் பயின்றவர். வோல்கஸ் அப்போது மூடியிட்ட ஜாடிகளையும் அகன்ற கலங்களையும் வியக்கத்தக்க திறமையுடன் வனைந்து பரிசுகள் பெற்றுக்கொண்டிருந்தார். அக்கோடையில் பிளாக் மவுண்டனில் இசைஞர் ஜான் கேஜ், நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் முதலியோர் இருந்தனர். கோடை முடிந்ததும் வோல்கஸ் நியூயார்க் சென்று ஃபிரான்ஸ் கிளைன் முதலிய ஓவியர்களைக் கண்டார். 1954-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், பின்னாளில் ஓடிஸ் என்று பெயர்பெற்ற கலைக் கழகத்தில் மண்கலத் துறையை ஏற்றார். பால் சோல்ட்னர், ஜான் மேசன், கென் பிரைஸ் முதலியோர் அங்கே அவருடன் இருந்தவர்கள். ஆசிரியர் பாடம் சொல்லவில்லை. மாணவரோடு நின்று தாமும் இரவு பகலாக வேலை செய்தார்.

அங்கே பானை உடைந்தது. வனைந்த உருளைகள் வெட்டப்பட்டன; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன; கீறப்பட்டன. 1956-இல் அவர் செய்த 'ராக்கிங் பாட்' நீர் கொள்ளாது, துளைகள் உடையது, நேராக நிற்காமல் ஆடுவது. குயவர் பலர் முகம் சுளித்தனர். பானையை உடைக்க அவருக்கு இருந்த உரிமை, அதை வனையத் தெரிந்ததால் வந்தது. அவருக்குப் பின் வந்த சிலருடைய வேலையில் உடைப்பு இருந்தது, வனைவு இல்லை. வோல்கஸ் 2002-இல், ஒஹாயோ மாநிலத்தில் மாணவர்க்குச் செய்துகாட்டும் பட்டறை ஒன்றை நடத்திய நாள்களிலேயே இறந்தார்.

கவிஞர்களுக்கு உரிய பகுதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். 1951 முதல் பிளாக் மவுண்டனின் தலைவராக இருந்தவர் கவிஞர் சார்லஸ் ஓல்சன். கவிதையடியை அசையெண்ணிக்கையால் அளக்காமல் மூச்சால் அளக்க வேண்டும் என்று 1950-இல் கட்டுரை எழுதியவர். ராபர்ட் கிரீலி அங்கே ஆசிரியராக வந்தார். 1954 முதல் கல்லூரியின் பெயரால் ஓர் இதழ் நடத்தினார். அக்கவிஞர் குழாம் இலக்கிய வரலாற்றில் அக்கல்லூரியின் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் கவிதையும் மண்ணும் ஒரே கையில் சேர்ந்தது மேரி கரோலின் ரிச்சர்ட்ஸிடம். பெர்க்கிலியில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1945-இல் பிளாக் மவுண்டனுக்கு ஆசிரியராக வந்தவர் அவர். கவிஞர். ஆர்த்தோவின் நாடகக் கோட்பாட்டு நூலைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாக்கியவர். 1952-ஆம் ஆண்டுக் கோடையில் கேஜ் நிகழ்த்திய புகழ்பெற்ற பல்கலை நிகழ்ச்சியில் ஏணிமேல் ஏறிக் கவிதை படித்தவர்களுள் ஒருவர். அப்படிப்பட்டவர் டர்னரின் பட்டறையில் மாணவியாகச் சேர்ந்து சக்கரத்தின் முன் அமர்ந்தார். ஆசிரியை மாணவியாவதற்கு அக்கல்லூரியில் எந்தத் தடையும் இல்லை.

1954-இல் ரிச்சர்ட்ஸ், கார்னஸ், வைன்ரிப், கேஜ் முதலியோர் நியூயார்க்குக்கு வடக்கே ஸ்டோனி பாயின்டில் கூட்டுக் குடியிருப்பு அமைத்தனர். நேரடியாக அடுப்புத் தீயில் வைத்தாலும் வெடிக்காத களிக்கலவையை ரிச்சர்ட்ஸும் கார்னஸும் அங்கே உருவாக்கினர். கார்னஸ் அதில் செய்த மூடியிட்ட சமையற்கலங்கள் பல்லாண்டு அவருக்குச் சோறு போட்டன. 1964-இல் ரிச்சர்ட்ஸின் நூல் வெளிவந்தது. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துதல் என்பதே அதன் பெயரும் பொருளும். வனைவதற்கு முதற்படி அதுதான். மண்ணுருண்டை நடுவில் நில்லாதவரை கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் சுழல்வதே தெரியாது, அசையாதது போல் தோன்றும். அதைச் செய்ய வலிமை போதாது, விட்டுக்கொடுப்பதும் போதாது, இரண்டும் ஒரே கணத்தில் வேண்டும். இதைக் கவிதைக்கும் மனித வாழ்வுக்கும் விரித்து எழுதினார் ரிச்சர்ட்ஸ். நூலின் பிற்பகுதியில் உபதேசம் மிகுந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மண்ணைப் பற்றி எழுதும் இடங்களிலோ அவர் எழுத்தில் விரல் ஈரம் தெரிகிறது.

ரிச்சர்ட்ஸைப் படிக்கையில் நம் வெண்ணிக் குயத்தியாரை நினையாதிருக்க முடியவில்லை. கரிகாலனைப் பாடிப் புறநானூற்றில் 66-ஆம் பாட்டால் நிலைத்தவர். சக்கரம் அவர் வீட்டில் சுழன்றிருக்கும். ரிச்சர்ட்ஸ் முனைவர் பட்டம் பெற்றுப் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் பிறந்தார் என்று கொள்ளலாம். எந்தப் பள்ளியில் எந்தப் பட்டறையில் யார் கற்பித்தார் என்று அவரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பிளாக் மவுண்டன் கல்லூரி 1957-இல் மூடப்பட்டது. டர்னர் 1958 முதல் ஆல்ஃப்ரெடில் இருபதாண்டுகளுக்கு மேல் கற்பித்தார். பிறகு மேற்கு ஆப்பிரிக்கப் பயணத்தின் நினைவாக ஈஃபே, அஷாந்தி என்று பெயரிட்ட கலங்களைச் செய்தார், 2005-இல் மறைந்தார். ரிச்சர்ட்ஸ் 1999-இலும், கார்னஸ் 2016-இலும், மெக்கன்சி 2018-இலும் மறைந்தனர். அந்தப் பட்டறையில் கற்றோர் மிகச் சிலர். அங்கே வந்து போனவர்கள் வழியாகவே அதன் வித்து பரவியது.

அத்தகைய அமெரிக்கக் கல்லூரிப் பட்டறைகளின் ஒரு கிளை நம் கரைக்கும் வந்ததுண்டு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மண்கலம் பயின்ற ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினர். டெபோரா அதற்கு முன் ஜப்பானில் குயவரிடம் பயின்றவர். சவுக்கு விறகு எரித்து, ஸ்டோன்வேர் கலங்களை அங்கே சுட்டனர். தென்னாட்டு மண்ணுக்கும் விறகுக்கும் ஏற்பச் சூளையையும் பூச்சையும் அவர்கள் புதிதாகவே வகுக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்து அவர்களிடம் பயின்று சென்றவர்கள் தத்தம் ஊர்களில் சூளை கட்டினர். மீக்கர் பின்னர், பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து தீ மூட்டிச் சுட்டெடுக்கும் முயற்சியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார்.